டெக்குக்கு ஸ்டெயின் அடிக்கும் முன் பலகை காயட்டும்

கொடைக்கானலில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் இப்போது பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மரத்தளம் வேண்டியிருக்கிறது. மரவேலை செய்கிறவரும் அதை டெக் என்றுதான் சொல்கிறார், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். போட்ட மாதம் தேன் நிறத்தில் இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் சாம்பல் பூத்து, பலகை முனைகள் கறுத்து, நிழல் பக்கம் பாசி பிடித்து, காலை வைத்தால் வழுக்கும். "மரம்னா அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மரத்துக்கு நிறமும் காப்பும் தருகிற ஸ்டெயின் என்ற பூச்சைச் சரியாக அடித்துப் பராமரித்தால் அப்படி ஆக வேண்டியதில்லை. ஆனால் அந்த 'சரியாக' என்பதில் அடிக்கிற வேலை கால் பங்குதான். முக்கால் பங்கு கழுவுவது, தேய்ப்பது, காயும்வரை காத்திருப்பது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். எங்கள் டெக் 12 அடிக்கு 10 அடி. செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்கு விருந்தினர் வருகிறார்கள் என்ற அவசரத்தில், பலகையின் ஈரத்தைப் பார்க்காமல், பளபளவென்று வார்னிஷ் மூன்று கோட் அடிக்கச் சொன்னேன். அடித்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைத்தான் செய்தார். பொங்கலுக்குள் அது பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. உரிந்த இடத்துக்கு அடியில் மரம் கறுத்துப்போய் இருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஆன கூலி, முதலில் அடித்த கூலியைவிட அதிகம்.

ஏன் உரிந்தது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கொடைக்கானலில் காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மேகம், இரவில் பனி என்று ஒரே நாளில் இரண்டு தடவை இந்தக் கூத்து நடக்கிறது. வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு தோல் போல உட்காருகிறது. மரம் அசைகிற அளவுக்கு அந்தத் தோலால் அசைய முடியாது. எங்கேயாவது மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. அப்புறம் உரியாமல் என்ன செய்யும்? ஊடுருவும் வகை ஸ்டெயின் இப்படித் தோலாக நிற்பதில்லை. எண்ணெயும் பிசினும் நிறமியும் பலகையின் மேல் இழைகளுக்குள் இறங்கிவிடுகின்றன. அது உரியாது, தேய்ந்து வெளுக்கும், அவ்வளவுதான். வெளுத்த இடத்தில் கழுவிவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு எதிரி வெயில். மலையில் குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று தோன்றும். ஊர் உச்சியில் இருக்கும் சூரிய ஆய்வகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1909-ல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். தூசு குறைந்த, மெல்லிய காற்று சூரியனைப் பார்ப்பதற்கு நல்லது, பலகைக்கு ஆகாது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அப்படியானால் மலையடிவாரத்து வத்தலகுண்டில் காய்கிற பலகையைவிட நம் பலகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம் வாங்குகிறது. இழைகளை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை இந்தக் கதிர்தான் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, மிஞ்சிய இழைதான் நாம் பார்க்கும் சாம்பல் நிறம். இதைத் தடுப்பது ஸ்டெயினில் இருக்கும் நிறமி. அதனால் "மரம் இயற்கையாகத் தெரியணும், கலரே வேண்டாம்" என்று நிறமில்லாத பூச்சை வாங்கினால் வெயிலுக்குத் திரைபோட ஆளில்லை.

கடையில் என்ன கேட்பது

புதிதாக வருகிறவர்கள் விழும் முதல் குழி இது. ஹார்டுவேர் கடையில் "வுட் ஸ்டெயின்" என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் அறைகலன்களுக்கு அடிக்கும் சின்ன பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். அது வெறும் நிறம். அதன்மேல் மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) பாலீஷ் என்று ஏதாவது அடித்தால்தான் பாதுகாப்பு. அதை டெக்கில் அடித்தால் முதல் மழையிலேயே நிறம் போக ஆரம்பிக்கும். வெளிப்புறத் தரைப் பலகைக்கானது என்று டின்னிலேயே போட்டிருக்க வேண்டும்: எக்ஸ்டீரியர் வுட் ஸ்டெயின், டெக்கிங் ஆயில் இப்படி ஏதாவது. பூஞ்சை எதிர்ப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஈரத்துக்கு அது இல்லாமல் முடியாது. உள்ளூரில் கிடைக்காவிட்டால் மதுரையிலோ கோவையிலோ பெரிய பெயின்ட் கடைகளில் கேட்கலாம்.

நிறத்தில் மூன்று வகை உண்டு. நிறமே தெரியாத தெளிவானது ஓராண்டு தாங்கினால் பெரிது. மரத்தின் ரேகை தெரியும்படி லேசாக நிறமுள்ளது, அதாவது செமி டிரான்ஸ்பரன்ட், இரண்டு ஆண்டு வரை வரும். ரேகையை முழுக்க மறைக்கும் சாலிட் வகை சுவருக்கும் வேலிக்கும் நல்லது. ஆனால் நடக்கிற தரையில் அது பெயின்ட் போலவே படலமாக நின்று, கடைசியில் உரியும். நான் நடுவில் உள்ளதைத்தான் சொல்வேன், அதிலும் செம்பழுப்பு. இரும்பு ஆக்சைடு நிறமிகள் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும்.

ஆளிவிதை எண்ணெய் போதாதா, பழைய வீட்டு உத்திரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்களே என்று சிலர் கேட்கிறார்கள். முந்திரி எண்ணெய் கூரைக்கு உள்ளே இருக்கும் மரத்தைப் பூச்சியிடமிருந்து காக்கும். அதைப் பூசிய தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது, தோலைப் புண்ணாக்கிவிடும். பச்சை ஆளிவிதை எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும், நம் ஈரத்தில் பூஞ்சைக்கு அதுவே தீனியும் ஆகும்.

அளவு: ஒரு லிட்டர் சொரசொரப்பான மரத்தில் 40 சதுர அடி, வழவழப்பானதில் 80 சதுர அடி வரை வரும். எங்கள் 120 சதுர அடிக்கு 50 என்று வைத்தால் முதல் கோட்டுக்கு இரண்டரை லிட்டர். இரண்டாவது கோட் அதில் பாதிகூடக் குடிக்காது. கைப்பிடி, படிக்கட்டு, பலகை முனைகள் எல்லாம் சேர்த்து 4 லிட்டர் வாங்கினேன். கொஞ்சம் மிஞ்சியது, மிஞ்சுவது நல்லது.

எந்த மாதம், எந்த நேரம்

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை. வேறு மாதம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நம் பக்கம்தான் கொட்டும். ஏப்ரலில் சாயங்கால இடி மழை தொடங்கிவிடும், சீசன் கூட்டமும் வந்துவிடும், டெக்கை மூன்று நாள் பூட்டிவைக்க எந்த ஹோம்ஸ்டேக்காரருக்கும் மனசு வராது. ஊட்டி பக்கம் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும், கோத்தகிரியில் வடகிழக்குதான் பெரிது. ஆனால் காய்ந்த மாதங்கள் அங்கேயும் ஏறக்குறைய இவைதான்.

ஜனவரியில் வேறொரு சிக்கல். பெரும்பாலான டின்களில் 10 டிகிரிக்குக் கீழே அடிக்கக் கூடாது என்று போட்டிருக்கும். இரவில் இங்கே அதற்கும் கீழே போகும். காலை ஏழு மணிக்குப் பலகையைத் தொட்டுப் பாருங்கள், பனியில் நனைந்திருக்கும். அதனால் பத்து மணிக்குப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, இரண்டு மணிக்குள் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். மேகம் இறங்குவதற்குள் மேல்பரப்பு கொஞ்சமாவது இழுத்திருக்க வேண்டும். உச்சி வெயில் நேராக விழும் பலகையிலும் அடிக்காதீர்கள். சூட்டில் உள்ளே இறங்காமல் மேலேயே காய்ந்துவிடும். வெயில் நகர நகர, நிழல் விழுந்த பக்கமாகப் பார்த்து நீங்களும் நகருங்கள்.

முதலில் மரத்தைப் பாருங்கள்

தேக்கின் வைரம், அதாவது நடுவில் இருக்கும் முற்றிய மரம் என்றால் கவலை குறைவு; எண்ணெய்ப் பசை இருப்பதால் ஸ்டெயினைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும், மெல்லிய ஒரு கோட் போதும். பைன் நிறையக் குடிக்கும். மருந்தேற்றிய பைன் என்றால் புதிதில் உள்ளே ஈரம் இருக்கும், சில வாரம் காயவிட வேண்டும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களில் மிளகுக் கொடிக்கும் நிழலுக்கும் நிற்கிற சில்வர் ஓக்கை விலை குறைவு என்று டெக்குக்குப் போடச் சொல்வார்கள். மேசைக்கும் பெட்டிக்கும் சரி, மழையில் கிடக்கிற தரைக்கு அது தாங்காது. எந்த ஸ்டெயினும் அதைக் காப்பாற்றாது. யூகலிப்டஸ் பச்சையாக அறுத்துப் போட்டால் முறுக்கிக்கொள்ளும்.

பலகைகளுக்கு நடுவே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா, தண்ணீர் கீழே இறங்குகிறதா, அடியில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா இரும்பு ஆணி அடித்திருந்தால் அதைச் சுற்றி மை கொட்டியது போலக் கறை இருக்கும். மரத்தில் இருக்கும் டேனின் என்ற துவர்ப்புப் பொருளும் துருவும் சேர்ந்து உண்டாவது அது. முடிந்தால் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்குருவாக மாற்றிவிடுங்கள். திருப்புளியால் பலகை முனைகளைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் அந்தப் பலகை உளுத்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும், மேலே நிறம் பூசி ஏமாற்ற வேண்டாம். ஸ்டெயின் கரையானையும் கொல்லாது. மண்ணைத் தொட்டு நிற்கும் கால்களை உளுக்காமல் காக்கவும் காக்காது. கால்கள் சிமென்ட் பீடத்தின் மேல் நிற்க வேண்டும்.

கழுவுதல்

பலகை இடுக்குகளில் சேர்ந்திருக்கும் பைன் ஊசிகளையும் யூகலிப்டஸ் இலைகளையும் பழைய ஹேக்ஸா பிளேடால் கீறி எடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் உளுப்பு முதலில் தொடங்குவது அங்கேதான். அப்புறம் பெருக்கி, தண்ணீர் விட்டு, தென்னை நார் பிரஷ்ஷோ நைலான் பிரஷ்ஷோ கொண்டு மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். ஒடிந்த கம்பித் துணுக்குகள் மரத்தில் தங்கித் துருப்பிடித்து, மறுபடியும் கறுப்புப் புள்ளிகளாக வரும்.

பாசிக்கும் சாம்பல் நிறத்துக்கும் சோடியம் பெர்கார்பனேட் தூள் நன்றாக வேலை செய்கிறது. பாக்கெட்டில் சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் காயாமல் ஈரமாக வைத்திருந்து, தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள், அது மர இழையையே தின்றுவிடும். பெர்கார்பனேட் போட்டதும் மரம் கொஞ்சம் கறுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம். அடுத்து ஆக்ஸாலிக் அமிலம்: லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு சுமார் 30 கிராம், பிளாஸ்டிக் வாளியில். இது ஆணிக் கறையையும் எடுக்கும், மரத்தின் நிறத்தையும் மீட்டுத் தரும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; குழந்தைகளையும் நாயையும் உள்ளே கட்டிப் போடுங்கள் என்று சொல்லப் பார்த்தேன், குழந்தைகளைக் கட்ட வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும். இந்த அமிலத்தையும் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கார் கழுவுகிற வேகத்தில் பலகையில் பிடித்தால் இழை பிய்ந்து பஞ்சுபோல நிற்கும்.

தேய்த்தல்

பழைய வார்னிஷோ பெயின்ட்டோ இருந்தால் முழுக்க எடுத்தாக வேண்டும். ஸ்டெயின் அதைத் தாண்டி உள்ளே இறங்காது. 60 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 80-ல் நிறுத்துங்கள். இந்த இடத்தில் பெயின்டரோடு ஒரு சின்னச் சண்டை வரும். மேசை, கதவுக்கு பாலீஷ் போட்டுப் பழகியவர்கள் 220 நம்பர் வரை போய்க் கண்ணாடி போலத் தேய்த்துவிடுவார்கள். என்னிடமும் "சார், கையில் முள் ஏறும், இன்னும் ரெண்டு நம்பர் தேய்ச்சுக்கிறேன்" என்றார். வேண்டாம் அண்ணே, அவ்வளவு வழவழப்பானால் மரம் குடிக்காது என்று நிறுத்தினேன். புதுப் பலகையையும் ஒரு தடவை லேசாகத் தேய்க்க வேண்டும், மில்லில் இழைத்தபோது இழைகள் நசுங்கி மேற்பரப்பு மூடிக்கொண்டிருக்கும். ஆணித் துளைகளுக்கு சாக் பவுடர் மக்கு வைக்காதீர்கள், வெளிவெயிலில் அது நிற்காது. தூசியைத் துடைத்தெடுங்கள். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருத்தல்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான். பலகையின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஆன்லைனில் கிடைக்கிறது, நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். ஒரே இடத்தில் குத்திவிட்டுத் திருப்திப்படாமல் நிழல் மூலை, சுவர் ஓரம், படிக்கட்டு என்று பல இடங்களில் பாருங்கள். எங்கள் டெக்கில் நடுப்பலகை 13 காட்டிய அன்று சுவரோரப் பலகை 19 காட்டியது. சுவரோரம்தான் முதலில் உரிந்த இடமும். மானி இல்லையென்றால், கழுவிய பின் மேகம் மூடாத வெயில் நாளாக நான்கைந்தை எண்ணுங்கள். நடுவில் ஒரு தூறல் விழுந்தால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

பலகையில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிவிட்டால் மரம் ஸ்டெயினை வாங்கத் தயார், முத்து முத்தாக நின்றால் இன்னும் பழைய பூச்சு இருக்கிறது. நல்ல சோதனைதான், ஆனால் அது துளைகள் திறந்திருக்கின்றனவா என்றுதான் சொல்லும். உள்ளே காய்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் நான் முதலில் குழப்பிக்கொண்டேன்.

இந்த நாட்களில் தார்ப்பாயைப் பலகை மேலேயே விரித்து மூடிவைக்காதீர்கள், ஈரம் அடியில் அடைந்துகொள்ளும். நான்கு கம்பு நட்டு மேலே தூக்கிக் கட்டுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும்.

அடித்தல்

வாங்கிய டின்கள் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். டின்னுக்கு டின் நிறம் ஒரு சாயல் மாறும். குலுக்கக் கூடாது, குச்சியால் அடிவரை கிளற வேண்டும். நிறமி கீழே தங்கிக்கொண்டே இருக்கும், அதனால் கால் மணிக்கு ஒரு தடவை கிளறுங்கள். படிக்கட்டின் அடிப்பக்கம் போலக் கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் அடித்து, காய்ந்த பின் நிறத்தைப் பாருங்கள். டின் மூடியில் அச்சிட்ட நிறத்தை நம்ப வேண்டாம், உங்கள் மரத்தில் அது வேறாகத்தான் வரும்.

முதலில் கைப்பிடி, பிறகு தரை. தரையில் வாசலுக்கு எதிர் மூலையில் தொடங்கி, வாசலைப் பார்த்து வாருங்கள். எழுதவே வேண்டாத விஷயம் போல இருக்கிறது, ஆனால் நடுவில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைத் தாண்டித் தோட்டத்தில் குதித்தவரை எனக்குத் தெரியும். இரண்டு மூன்று பலகைகளை எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிறுத்தாமல் முடியுங்கள். பாதியில் டீ குடிக்கப் போனால், நிறுத்திய இடத்தில் ஒரு கோடு விழும், அது போகவே போகாது. ரோலரில் அடித்தால் வேகம்தான், ஆனால் உடனே தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்து உள்ளே தேய்த்துவிட வேண்டும். பலகை வெட்டிய முனைகளுக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள். ரேகைக் குழாய்கள் வாய் திறந்திருக்கும் இடம் அது, தண்ணீரும் அதிகம் அங்கேதான் ஏறும். பலகையைப் பொருத்துவதற்கு முன்பே இதைப் படிக்கிறீர்கள் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: நான்கு பக்கமும் அடித்துவிட்டுப் பொருத்துங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் மரம் குடித்தது போக மேலே தேங்கியிருப்பதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இங்கேதான் கை கூசும், காசு கொடுத்து வாங்கியதைத் துடைப்பதா என்று. துடைக்காவிட்டால் பளபளவென்று பிசுபிசுப்பாக நின்று, படலமாகி, மறுபடியும் வார்னிஷ் கதைதான். இரண்டாவது கோட் வேண்டுமா, எத்தனை நேரம் கழித்து என்பதை டின்னில் உள்ளபடி செய்யுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மரம் இன்னும் குடிக்கிறது என்றால் மட்டும் அடியுங்கள்.

துடைத்த துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் வகை ஸ்டெயின் காயும்போது சூடு உண்டாக்குகிறது. பெயின்டர்கள் கொண்டுவரும் பனியன் வேஸ்ட் துணியை அதில் நனைத்துச் சுருட்டி மூலையில் எறிந்தால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நெருப்புப் பெட்டியே தேவையில்லை. பிப்ரவரி, மார்ச்சில் சுற்றிலும் காய்ந்த புல் நிற்கிற ஊர் இது. ஒவ்வொரு துணியாக விரித்துக் கல்தரையில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய இரும்பு வாளியில் முக்கி மூடிவையுங்கள். வேலையாட்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு சுற்றுப் போய் நீங்களே பாருங்கள். தூரிகை கழுவிய டர்பன்டைனையும் ஓடையில் ஊற்றிவிடாதீர்கள், கீழே அதே தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

அடித்த பிறகு

குறைந்தது ஒரு நாள், குளிர் அதிகமென்றால் இரண்டு நாள் யாரும் கால் வைக்கக் கூடாது. மேசை நாற்காலி போட மூன்று நான்கு நாள். மனிதர்களிடம் சொல்லிவிடலாம், குரங்குகளிடம் சொல்ல முடியாது. எங்கள் டெக்கின் கிழக்கு மூலையில் ஐந்து விரல் தெரிகிற சின்னப் பாதச் சுவடுகள் இன்னும் இருக்கின்றன. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது விருந்தினர் முதலில் படம் எடுப்பது அதைத்தான், அதனால் விட்டுவிட்டேன். காட்டெருமை ஏறினால் சுவடோடு போகாது, பலகையே போய்விடும். வேலி கேட்டை அந்த இரண்டு ராத்திரியாவது தாழ்ப்பாள் போடுங்கள்.

பூந்தொட்டிகளைப் பலகையில் நேராக வைக்காமல் சின்னக் கட்டைகளில் தூக்கி வையுங்கள். வாசலில் போடும் மிதியடியை மழை நாளில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதை எடுக்கும் நாளில் அடியில் அதே அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். செப்டம்பரில், பருவமழைக்கு முன், இடுக்குகளை ஒரு தடவை கீறிச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் அந்த வருடம் விடலாம். உறிஞ்சினால் கழுவிக் காயவைத்து ஒரே ஒரு கோட். எல்லா இடமும் ஒன்றுபோலத் தேயாது. எங்கள் வீட்டில் வெயில் படும் தெற்கு ஓரமும் வாசலிலிருந்து படிக்கட்டுக்கு நடக்கும் பாதையும் ஒவ்வொரு வருடமும் கேட்கின்றன, மற்ற இடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான்.

மிச்ச ஸ்டெயினை இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் மூடியிலேயே எழுதிவையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கடைக்காரர் "என்ன கலர் சார் அடிச்சீங்க?" என்று கேட்கும்போது "ஒரு மாதிரி பிரவுன்" என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.